இரண்டு டயர்கள் விலைக்கு!

நேயர்களே! உங்களில் பலருக்குச் சொந்தத்தில் கார் கிடையாது என்று எனக்குத் தெரியும். எனக்கும் கிடையாது. காரே இல்லாதவன் கார் டயரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். பஸ்ஸில் ஏறினாலும் சரி, வாடகைக் காரில் ஏறினாலும் சரி, நாம் உயிரை ஒப்படைப்பது டிரைவரிடம் மட்டும் அல்ல. கீழே சுழலுகிற ரப்பரிடமுந்தான். ஒரு கார் டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம், ஏறக்குறைய நம் உள்ளங்கையின் அளவுதான். நான்கு உள்ளங்கைகளின் மேல் ஒரு குடும்பம் முழுவதும் சவாரி போகிறது. நினைத்துப் பார்த்தால் சிறிது நடுக்கமாகத்தான் இருக்கிறது, அல்லவா?

இந்த ஞானம் எனக்கு வாலாஜாபாத்தில் ஒரு பஞ்சர் கடை வாசலில் உண்டாயிற்று. அந்தக் கதையைச் சொல்லுகிறேன்.

அட்டையில் எழுதிய விளம்பரம்

வாலாஜாபாத் உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். செங்கற்பட்டிலிருந்து காஞ்சீபுரம் போகும் வழியில், பாலாற்றின் அருகே இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். கும்பினியார் காலத்தில் பட்டாளம் தங்கியிருந்த இடம். இப்போது பட்டாளத்துக்குப் பதில் லாரிகள் அணிவகுத்துப் போகின்றன. வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வரும் சாலை இங்கேதான் வந்து முடிகிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு, அந்தச் சாலைக்கு இரவு பகல் என்ற வித்தியாசமே கிடையாது.

என் நண்பர் ஒருவர் வாலாஜாபாத்தில் குடியிருந்துகொண்டு, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கிறார். அவரைப் பார்க்கப் போன அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு டீக்கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. எழுத்தைப் பார்த்ததுமே நண்பருடையது என்று தெரிந்துவிட்டது.

"விலைக்கு! பெர்ஃபார்மன்ஸ் கார் டயர்கள், ஒரு ஜோடி. அளவு 205/55 ஆர் 16. ஓடியது 5,000 கிலோமீட்டர் மட்டுமே. பட்டன் 7 மில்லிமீட்டர். ஓர் அடி கூடப் படாதவை. இரண்டும் சேர்த்து 12,000 ரூபாய்."

வீட்டுக்குப் போனால், மாடிப்படியின் கீழே அந்த இரண்டு டயர்களும் புது மாப்பிள்ளைகள் போல் பளபளத்துக்கொண்டு சாய்ந்திருந்தன.

"இவ்வளவு நல்ல சாமானை ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

நண்பர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி காப்பியுடன் வந்து, "அதை என்னைக் கேளுங்கள்!" என்றார். அவர் சொன்னதைக் கேட்பதற்கு முன், இந்த டயர்களின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

டயரின் ஜாதகம்

டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எழுத்துக்களை நம்மில் அநேகர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் அதில் எல்லாச் சமாசாரமும் இருக்கிறது. 205 என்றால் டயரின் அகலம் 205 மில்லிமீட்டர். 55 என்றால் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. 'ஆர்' என்பது ரேடியல் ஜாதி. 16 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அடுத்து 91 டபிள்யூ என்று இருந்தால், ஒரு டயர் 615 கிலோ வரை சுமக்கும், மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று பொருள்.

வாலாஜாபாத்தில் 270 கிலோமீட்டர் வேகத்தில் எங்கே போவது என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வியைத்தான் நண்பரின் மனைவியும் கேட்டார்.

பெர்ஃபார்மன்ஸ் டயர் என்பது குதிரைகளில் பந்தயக் குதிரை மாதிரி. தரையைத் தொடும் ரப்பர் மிருதுவானது. ஆகவே நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பக்கச் சுவர் விறைப்பானது. ஆகவே ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கார் சொன்னபடி கேட்கும். இதற்கெல்லாம் விலை உண்டு. மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும். விறைப்பான சுவர், பள்ளத்தில் விழுந்தால் அந்த அதிர்ச்சியை அப்படியே நம் முதுகெலும்புக்கு அனுப்பிவைக்கும். அநேக டயர்களில் தேய்மான எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். சாதாரண டயரில் அது 400, 500 என்று இருந்தால், இந்தப் பந்தயக் குதிரைகளில் 200, 300 என்று இருக்கும். எண் குறையக் குறைய ஆயுளும் குறைவு.

இன்னும் ஒரு முக்கியமான இலக்கம் உண்டு. முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3223 என்றால், 2023-ஆம் வருஷத்தின் 32-வது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். பெண் பார்க்கப் போகிறவர்கள் வயதைக் கேட்கிறார்களோ இல்லையோ, பழைய டயர் வாங்கப் போகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். ரப்பர் ஓடினாலும் கிழமாகும். ஓடாமல் மூலையில் கிடந்தாலும் கிழமாகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓஸோனும் வெயிலும் சேர்ந்து அதை இறுகச் செய்து வெடிப்பு விழ வைத்துவிடும். ஐந்து வருஷம் கழிந்த டயரை வருஷத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும் என்றும், பத்து வருஷமானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்றும் பெரிய டயர் கம்பெனிகளே சொல்லுகின்றன.

ஐப்பசி மழையில்

இனி நண்பரின் மனைவி சொன்ன கதை. நண்பர் ஒரு பழைய காரை வாங்கினார். நான்கு டயர்களும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. நான்கையும் மாற்றப் பணம் போதவில்லை. இரண்டையாவது உயர்ந்ததாக வாங்குவோம் என்று, 20,000 ரூபாய்க்கு இந்த ஜோடியை வாங்கி முன் சக்கரங்களில் மாட்டினார். எஞ்சின் முன்னால் இருக்கிறது, ஸ்டியரிங்கும் முன் சக்கரத்தைத் திருப்புகிறது, ஆகவே நல்ல டயர் முன்னால்தானே இருக்க வேண்டும்? கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அது தப்பு. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் ஒரகடத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறார். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. நண்பர் ஒடித்துத் திருப்பினார். முன் சக்கரங்கள் சொன்னபடி கேட்டன. தேய்ந்துபோன பின் சக்கரங்கள் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போயின. கார் பம்பரம் போல் அரைவட்டம் சுற்றி, சாலையோரச் சேற்றில் போய் நின்றது. எதிரே அந்தச் சமயத்தில் வண்டி எதுவும் வரவில்லை. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண் குழந்தை விழித்து, "ஊர் வந்துவிட்டதா, அம்மா?" என்று கேட்டதாம்.

இரண்டு டயர்கள்தான் புதிது என்றால் அவற்றைப் பின் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும், முன் சக்கர விசையில் ஓடும் காராக இருந்தாலும் கூட. இதுவும் டயர் கம்பெனிகள் சொல்லும் யோசனைதான். முன் சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகும். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதைச் சமாளிக்கப் பந்தயக்காரன் கை வேண்டும்.

மறு வாரமே நண்பரின் மனைவி தம் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து, நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாதிரியான சாதாரண டயர்களைப் போடச் செய்துவிட்டார். பந்தயக் குதிரைகள் இரண்டும் மாடிப்படிக்குக் கீழே வந்து சேர்ந்தன.

"இரண்டு மாசமாக இங்கே கிடக்கிறது. மழைச் சாரலில் தண்ணீர் தேங்குகிறது. கொசு வந்தால் யார் பொறுப்பு?" என்றார் அந்த அம்மாள்.

அவர் கேட்டது நியாயந்தான். டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு, பழைய டயருக்குள் தேங்கும் மழைத் தண்ணீரைப் போல் உகந்த பிரசவ ஆஸ்பத்திரி வேறு இல்லை.

வாத்தியார் வந்தார்

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அட்டையைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்தார். உத்திரமேரூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். அவரும் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். அளவு சரியாகப் பொருந்துகிறது. டயர்களைக் குனிந்து பார்த்தார்; நகத்தால் கீறிப் பார்த்தார்; முகம் மலர்ந்தது.

"புதுசு மாதிரியே இருக்குங்க சார். பொங்கலுக்கு வீட்டில் எல்லோரையும் அழைத்துக்கொண்டு திருச்செந்தூர் போகலாம் என்று இருக்கிறேன். நீங்கள் 11,000 என்றால் இப்போதே கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

நண்பர் சம்மதித்தார். ரிம்மில் மாட்டுவதற்காக, இரண்டு தெரு தள்ளியிருந்த பஞ்சர் கடைக்கு எல்லோருமாகப் போனோம். கடைக்காரர் அறுபது வயதுப் பெரியவர். முதல் டயரை மாட்டிக் காற்றுப் பிடித்தார். குறையில்லை. இரண்டாவதை மாட்டுவதற்கு முன், கையை உள்ளே விட்டுத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒன்றும் பேசாமல் ரிம்மில் மாட்டிக் காற்றைப் பிடித்தார். பிறகு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். பக்கச் சுவரில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு சின்ன மேடு தெரிந்தது. ஆசிரியர் அப்போது பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை.

பெரியவர் நண்பரைத் தனியே அழைத்து, மெதுவான குரலில், "தம்பி, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

நண்பரின் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் என்னிடம் அவர் சொன்னார்: சேற்றில் போய் நின்றதற்கு முந்தின வாரம், தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் 'தடார்' என்று விழுந்ததாம். இறங்கிப் பார்த்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆகவே மறந்துவிட்டாராம். "மறந்துவிட்டேன் என்று சொல்லுகிறேன். ஆனால் 'ஓர் அடி கூடப் படாதவை' என்று அட்டையில் எழுதியபோது, அந்தச் சத்தம் என் காதில் கேட்கத்தான் செய்தது" என்றார்.

பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்குகிறது. வெளியே ரப்பர் கிழிவதில்லை. உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடுகின்றன. காற்று நிரம்பியதும் அந்த இடம் மட்டும் புடைத்துக்கொள்ளும். கழற்றிப் போட்டிருக்கும்போது அந்த மேடு கண்ணுக்குத் தெரியாது. இதற்கு ஒட்டும் கிடையாது, மருந்தும் கிடையாது. பஞ்சர் என்றால், தரையைத் தொடும் பகுதியில் ஆணி குத்திய சின்னத் துவாரத்தை உள்ளிருந்து முறையாக அடைக்கலாம். பக்கச் சுவரில் இழை அறுந்த டயர், நெடுஞ்சாலை வேகத்தில், சித்திரை வெயிலில் என்றைக்கு வெடிக்கும் என்று ஜோசியரும் சொல்ல முடியாது.

நண்பர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஆசிரியரிடம் போய், "சார், பணத்தை உள்ளே வையுங்கள். ஒரு டயரில் பழுது இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தது எனக்குத் தெரியும். நான் எழுதியது பொய்" என்றார்.

இண்டியானாபோலிஸில் நடந்தது

இந்த இடத்தில் எனக்கு வேறொரு டயர்க் கதை ஞாபகம் வந்தது. அது 2005-ஆம் வருஷம், ஜூன் 19-ஆம் தேதி, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்ற நகரில் நடந்தது. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம். மொத்தம் 20 கார்கள். அவற்றில் 14 கார்களுக்கு மிஷலின் கம்பெனியின் டயர். 6 கார்களுக்குப் பிரிட்ஜ்ஸ்டோன் டயர். இரண்டு நாள் முன்பு, பயிற்சியின்போது, சரிவான ஒரு வளைவில் மிஷலின் டயர் ஒன்று பழுதாகிக் கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்யாவிட்டால், பந்தயம் முழுவதும் தங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று கம்பெனியே அறிவித்துவிட்டது. ஏற்பாடு நடக்கவில்லை. பந்தயத்துக்கு முந்தின ஒரு சுற்று முடிந்ததும், 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓரம் கட்டின. மிச்சம் 6 கார்கள் மட்டுமே ஓடின. ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். மிஷலின் கம்பெனி பிற்பாடு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

ஓடிய 6 கார்களில் ஒன்றை ஓட்டியவர், நம் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அன்று நாலாவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அந்தப் புள்ளிகளை நாம் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு பெரிய கம்பெனி, லட்சக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'எங்கள் சரக்கை இன்று நம்ப வேண்டாம்' என்று சொன்னதும் பேச வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

வாங்குகிறவன்தான் சரக்கைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பழைய கொள்கை. நம்முடைய 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும், சில விலக்குகளோடு, அதை ஒப்புக்கொள்ளுகிறது. ஆனால் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பொய் என்று தெரிந்தே ஒன்றை மெய் என்று சொல்லுவதையும், தெரிந்த குறையை வேண்டுமென்று மூடி மறைப்பதையும் மோசடி என்கிறது. சாயம் பூசிப் பளபளப்பாக்கிய பழைய டயரை நினைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த டயரில் கத்தியால் புதுக் கோடு வெட்டி விற்கிறவர்களும் உண்டு.

ஆகவே, பழைய டயர் வாங்கும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். ஜோடியில் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே வயதுதானா என்று பாருங்கள். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சிறு மேடுகள் இருக்கும்; அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. புது டயரில் பட்டன் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அது ஓடிய காரின் வீல் அலைன்மென்ட் சரியில்லை என்று அர்த்தம். பக்கத்தில் அம்புக்குறி போட்டிருந்தால், அந்தத் திசையில்தான் சுழல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிம்மில் மாட்டி, முழுக் காற்றுப் பிடித்து, வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

பழைய டயர் என்றாலே கேவலம் என்று எண்ண வேண்டாம். திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1961-இல் டயர் தயாரிப்பதற்கு முன், 1952-லிருந்தே தேய்ந்த டயர்களுக்கு மேல் ஒட்டும் ரப்பரைத்தான் தயாரித்தது. நல்ல உடம்புள்ள பழைய டயருக்கு மறுபிறவி உண்டு. உயிர் போனதற்கும் வழி இருக்கிறது. 2022-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, உபயோகமற்ற டயர்களை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு டயர் தயாரிப்பாளர்களையே சேருகிறது. தெருவோரத்தில் போட்டுக் கொளுத்துவதுதான் கூடாத காரியம்.

மிச்சக் கதை

ஆசிரியர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "அட்டையில் அப்படி எழுதியிருந்தீர்களே, சார்!" என்றார். நண்பர் தலை குனிந்து நின்றார். பெரியவர்தான் குறுக்கிட்டு, "வாத்தியாரே, சொல்லாமலே பணத்தை வாங்கிட்டுப் போறவங்களை நான் முப்பது வருஷமா பார்க்கிறேன். தம்பி சொல்லிட்டார். விடுங்க" என்றார்.

ஒற்றை டயரை ஜோடியாக விற்க முடியாது. ஆசிரியரின் காரில் ஸ்டெப்னி மொட்டையாக இருந்தது. நல்ல டயரை ஸ்டெப்னிக்காக 3,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஓடும் சக்கரங்களுக்குப் புது டயர் வாங்கிய பிறகுதான் திருச்செந்தூர்ப் பயணம் என்று சொல்லிவிட்டார்.

பழுதான டயரைப் பெரியவர் கீழே போட்டு, டிரில் மிஷினை எடுத்து, தரையைத் தொடும் பகுதியில் சுற்றிலும் எட்டுத் துவாரங்கள் போட்டார். "இனிமேல் இதை யாரும் எந்த வண்டிக்கும் மாட்ட முடியாது. தண்ணியும் நிக்காது" என்றார். ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டலாமே! இதையும் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் நண்பர் டீக்கடையில் நின்று, அட்டையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும், "எவ்வளவு கிடைத்தது?" என்று மனைவி கேட்டார். 3,500 ரூபாயைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. மாடிப்படியின் கீழே காலியாகிவிட்ட இடத்தைப் பெருக்கிவிட்டு, குழந்தையின் சைக்கிளைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்.